சேனாபதி: இன்றைய விலை நாற்பத்தொன்று

வரலாறு எழுதும் அளவுக்குச் சேனாபதி எதையும் சாதித்தவர் அல்லர். பவானியில் பிறந்தார். கோயம்புத்தூரில் படித்தார். மில்பிடாஸில் ஒரு சிப் கம்பெனியில் டெஸ்ட் எஞ்சினியராக இருந்தார். ஃப்ரீமான்ட்டில், மௌரி அவென்யூவுக்கு இரண்டு தெரு தள்ளி, மனைவி வள்ளியோடும் பதினொரு வயது மகள் கயலோடும் வாடகைக்குக் குடியிருந்தார். அடுத்தவர் செய்த சிப்பில் குறை கண்டுபிடிப்பது அவர் தொழில். அடுத்தவர் செய்த சாம்பாரில் குறை கண்டுபிடிக்காதது அவர் குணம். இப்படிப்பட்டவர்கள் ஃப்ரீமான்ட்டில் தெருவுக்கு நாற்பது பேர் இருப்பார்கள்.

ஆனாலும் ஒரு பெருமை அவருக்கு மட்டுமே உண்டு. உயிரோடும் நல்ல உடல்நலத்தோடும் இருக்கும்போதே, சந்தையில் விலை குறிக்கப்பட்ட முதல் ஃப்ரீமான்ட் தமிழர் அவர். அந்தப் பெருமையை அவர் கேட்டு வாங்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நியாயம்.

சந்தையை நிறுவியவர் வாஞ்சிநாதன். தொழிலால் டேட்டாபேஸ்காரர், சுபாவத்தால் சீர்திருத்தவாதி. மாலை நேர எம்.பி.ஏ. வகுப்பில், ஒரு நிபுணரைவிடப் பந்தயம் கட்டும் ஆயிரம் பேருக்கு உண்மை அதிகம் தெரியும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சிலருக்கு மாலையில் காபி குடித்தால் தூக்கம் போகும். வாஞ்சிநாதனுக்கு அந்த வாக்கியத்தால் போயிற்று. 2007 கோடையில், அடுத்த மாதம் கிரீன் கார்டு தேதி முன்னே நகருமா, பின்னே நகருமா என்று ஊரே நகம் கடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் இணையத்தில் ஒரு பக்கம் திறந்தார். நகரும் என்பவர் வாங்கலாம், நகராது என்பவர் விற்கலாம். தரகர் கிடையாது, கடைக்காரர் கிடையாது. உறுப்பினரும் உறுப்பினரும் நேருக்கு நேர்.

பணம் வைத்து ஆடினால் சட்டம் உதைக்கும். ஆகவே வாஞ்சிநாதன் பணத்தைவிட உயர்ந்த ஒன்றை நாணயமாக்கினார்: விமான நிலையப் பயணம். இந்த ஊரில் நூறு டாலர் கைமாற்றுக் கேட்டால் பத்துப் பேர் கொடுப்பார்கள். ஆனால் சனிக்கிழமை மாமியார் வருகிறார், சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கு வண்டி எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேருக்கும் அன்றைக்குத்தான் ஜுரம் வரும். எனவே நூறு புள்ளி, ஒரு பயணம். சொன்ன காரியம் நடந்துவிட்டால், விற்றவர் வாங்கியவருக்குச் சீட்டு ஒன்றுக்கு ஒரு தடவை விமான நிலையம் போய் வர வேண்டும். விலை நாற்பது என்றால், அது நடக்க நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு என்று ஊர் நினைப்பதாகப் பொருள்.

சமூகம் பயனடையத் தொடங்கியது. முதலில் கிரீன் கார்டு தேதி. பிறகு ஜனாதிபதி தேர்தல். பிறகு எந்தத் தெருவில் பேங்க் வீட்டை எடுத்துக்கொள்ளும், இந்த வருடம் எத்தனை வீட்டில் இரண்டாவது பிள்ளை என்று வளர்ந்தது. தமிழ்ச் சங்கத்துக் கூட்டங்களில் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பவர்கள் பதிலுக்காக நின்று கேட்க ஆரம்பித்தார்கள். இப்படி ஓர் அக்கறை முன்பெல்லாம் கிடையாது.

சேனாபதி அதில் சேரவில்லை. அவருடைய விசா வேலையோடு கட்டிய விசா. ஏழு வருடமாகக் கிரீன் கார்டுக்குக் காத்திருந்தார். வேலை போனால் விசா போகும், விசா போனால் வீடு, கயலின் பள்ளிக்கூடம், எல்லாம் ஒரே கயிற்றில் கட்டிய பானைகள். வாழ்க்கையே ஒரு பந்தயமாக இருக்கும்போது தனியாக வேறு எதற்கு என்பது அவர் கட்சி.

2008 செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை அந்தக் கயிறு ஆடியது.

கயல் பள்ளித் தோழி வீட்டில் கொலுவுக்குப் படி கட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து, நமக்கும் வேண்டும் என்று நின்றாள். பவானியில் சேனாபதி வீட்டில் கொலு வைத்த வழக்கமே கிடையாது. ஆனால் மகள் தமிழ்நாட்டுக் காரியம் ஒன்றைத் தானாகக் கேட்பது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நடப்பது. பொம்மைக்கு வள்ளி ஏற்பாடு செய்தாள். படிக்கு என்ன செய்வது? ஆபீஸில் ஜெராக்ஸ் காகிதம் வரும் அட்டைப்பெட்டிகள் கல் மாதிரி இருக்கும். காலை பதினொரு மணிக்கு, குப்பைக்குப் போகவிருந்த பன்னிரண்டு பெட்டிகளை மூன்று நடையாகச் சுமந்துகொண்டு போய்க் காரில் ஏற்றினார்.

வேலை போன மனிதன் ஓர் அட்டைப்பெட்டியோடு ஆபீஸைவிட்டு வெளியே வருவான் என்பது அந்த வருடம் சிலிக்கான் பள்ளத்தாக்கில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பட்டப்பகலில், கார் நிறுத்துமிடத்தில், குனிந்த தலையோடு பன்னிரண்டு பெட்டி சுமப்பவனைப் பார்த்தால் யாருக்குத்தான் நெஞ்சு பதறாது? எதிர்க் கட்டடத்துச் சன்னலிலிருந்து பார்த்த ஒரு தமிழர் நெஞ்சு பதறி, ஓடிவந்து விசாரிக்காமல், சந்தைப் பக்கத்தைத் திறந்து புதிய சீட்டு ஒன்று போட்டார்: "மில்பிடாஸ் கம்பெனி சேனாபதியின் வேலை வருடக் கடைசிக்குள் போகுமா?" சேனாபதி கடைசிப் பெட்டியைக் காரில் வைத்துக் கதவைச் சாத்துவதற்குள் அவர் விலை நாற்பத்தொன்று.

அவருக்கு இது தெரியாது. தெரிந்ததெல்லாம், சனிக்கிழமை காலை சாரதா ஃபோன் செய்ததுதான். சாரதா அவருடைய டீம் லீடர் சுவாமிநாதனின் மனைவி.

"அண்ணா, வள்ளி இல்லையா? சும்மாதான். உங்க வீட்ல நூத்திப்பத்து வோல்ட் கிரைண்டர் இருக்குல்ல, அது எத்தனை லிட்டர்?"

"ரெண்டு லிட்டர்மா. ஏன், மாவு அரைக்கணுமா?"

"அரைக்க இல்லண்ணா. வேற யாருக்கும் சொல்லிடாதீங்க, அவ்ளோதான். நான்தான் ஃபர்ஸ்ட் கேட்டேன்னு ஞாபகம் வச்சுக்கங்க."

மதியம் ஒருவர் சோபாவின் நீளம் கேட்டார். மாலையில் இன்னொருவர், அவர்கள் குடியிருக்கும் வீடு எந்தப் பள்ளி எல்லைக்குள் வருகிறது என்று கேட்டார். முகம் தெரியாத ஒரு பெண்மணி கேட்டைத் திறந்து உள்ளே வந்து, தொட்டியிலிருந்த கறிவேப்பிலைச் செடியை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா வளர்த்திருக்கீங்க. குளிர்ல உள்ள எடுத்து வைக்கணுமா?" என்று குறிப்பெடுத்துக்கொண்டு போனார்.

"அப்பா, ஆர் வி மூவிங்?" என்றாள் கயல்.

"இல்லடா கண்ணு. ஊர்ல திடீர்னு எல்லாருக்கும் நம்ம மேல பாசம்."

திங்கட்கிழமை 880 நெடுஞ்சாலையில் உண்மை வெளிவந்தது. காரில் அவரோடு சேர்ந்து வேலைக்குப் போகும் சிராஜ் சந்தையில் இல்லை. எங்கள் மார்க்கத்தில் சூது கூடாது என்று வாஞ்சிநாதனிடம் முதல் நாளே சொல்லிவிட்டவர். இது சூதில்லை, முன்னறிவு என்று வாஞ்சிநாதன் அரை மணி நேரம் விளக்கியும், "அப்ப ரொம்ப நல்லதுங்க, முன்னாடியே தெரிஞ்சிருக்குமே நான் வரமாட்டேன்னு" என்று சிரித்துவிட்டுப் போனவர்.

"பாய், என்ன சங்கதி? ரெண்டு நாளா எல்லாரும் என்னைப் பொணத்தைப் பாக்கற மாதிரி பாக்கறாங்க."

சிராஜ் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "உங்க மேல பெட் கட்டியிருக்காங்க, சேனா. வேலை போயிடும்னு. நேத்து அம்பத்திரெண்டாம்."

அன்று மாலையே சேனாபதி வாஞ்சிநாதன் வீட்டு வாசலில் நின்றார். அவருடைய வாழ்க்கையில் அவர் அழைப்பு மணியை இரண்டு முறை அழுத்தியது அதுதான் முதல் தடவை.

"வாஞ்சி, என் பேரை எடுங்க."

"சார், உங்க பேரை நான் போடலை. மார்க்கெட் போட்டுச்சு."

"மார்க்கெட்டுக்குக் கையிருக்கா?"

"உக்காருங்க சார். எமோஷனலா பாக்காதீங்க. தெர்மாமீட்டரை உடைச்சா ஜுரம் போயிடுமா?"

"எனக்கு ஜுரமே இல்லைய்யா! நான் நல்லாத்தான் இருந்தேன். நீங்கல்லாம் சேர்ந்து, இவனுக்கு ஜுரம்னு பந்தயம் கட்டி, போர்வைய உருவிக்கிட்டு இருக்கீங்க. ஒரு அம்மா வந்து என் கறிவேப்பிலைச் செடிய அளவெடுத்துட்டுப் போறாங்க!"

வாஞ்சிநாதன் கோபப்படவில்லை. உலகத்துக்கு நன்மை செய்பவர்கள் கோபப்படுவதில்லை, அதுதான் அவர்களிடம் உள்ள பெரிய தொல்லை. "தப்பான விலைன்னு நெனச்சா நீங்க வித்து விலையை இறக்கலாமே? உங்களைவிட யாருக்குத் தெரியும்? இல்ல, பயமா இருந்தா வாங்கி வைங்க. வேலை போச்சுன்னா ரைடாவது கிடைக்கும். இதுக்குப் பேர் இன்ஷூரன்ஸ் சார். சொசைட்டிக்கு எவ்ளோ பெனிஃபிட் பாருங்க."

"வேலை போனவனுக்கு ஏர்போர்ட் ரைடு! ஆகா. திரும்பி வர ரைடும் உண்டா?"

"அது தனி காண்ட்ராக்ட்" என்றார் வாஞ்சிநாதன், சிரிக்காமல்.

என் வேலை நிலைக்கும் என்று நானே பந்தயம் கட்டிக்கொள்ள வேண்டுமாம், நான் நல்லவன் என்று நானே கைதூக்கிச் சாட்சி சொல்ல வேண்டுமாம் என்று குமுறிக்கொண்டே சேனாபதி வீட்டுக்கு நடந்தார்.

நவராத்திரி ஐந்தாம் நாள் அவர்கள் வீட்டில் கூட்டம். அதற்கு முந்தைய வருடங்களில் பொங்கலுக்குக்கூட வராதவர்கள் வந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே திரைச்சீலையைத் தடவிப் பார்த்தார்கள். சுவாமிநாதனும் வந்தார். சாரதா சமையலறையில் கிரைண்டரைச் சுற்றி ஒரு வலம் வந்துவிட்டுக் கொலுவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கயல், படி ரொம்ப அழகா இருக்கே! எங்க வாங்கினீங்க?"

"வாங்கல ஆன்ட்டி" என்று கயல் பெருமையாகப் படிமேல் விரித்திருந்த வேட்டியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். "பாக்ஸஸ்! அப்பா காட் தெம் ஃப்ரம் வொர்க். ட்வெல்வ்!"

வேட்டிக்கு அடியில் ஜெராக்ஸ் காகிதப் பெட்டிகள் மூன்றடுக்காக உண்மையைச் சொல்லிக்கொண்டு நின்றன. அடுத்த நிமிடம் ஆண்களெல்லாம் செருப்பைத் தேடினார்கள். சிலர் வாசல்படியிலேயே நின்று கைப்பேசியைத் தட்டினார்கள். கூட்டம் கலைவதற்குள் சேனாபதியின் விலை ஐம்பத்தெட்டிலிருந்து பத்தொன்பதுக்கு விழுந்தது.

இனி மன்னிப்புக் கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். கேட்டார்கள், அவரைத்தான் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். பொம்மைக்குப் பெட்டி என்றால் முன்கூட்டியே சங்கத்து மின்னஞ்சலில் தெரிவித்திருக்க வேண்டாமா, ஒளித்து வைத்து இத்தனை பேரை நஷ்டப்படுத்தலாமா என்று இரண்டு பேர் எழுதினார்கள். ஒருவர் அதை மோசடி என்றே குறிப்பிட்டார்.

இரவுச் சாப்பாட்டில் வள்ளி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"என்ன வள்ளி, விலை விழுந்தா சந்தோஷந்தானே படணும்?"

வள்ளி தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் ரெண்டு வாங்கியிருக்கேங்க."

"என்னத்த?"

"உங்க சீட்டு. வேலை போகும்னு."

சேனாபதி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

"திட்டாதீங்க. மூணு பேரு, ஆறு பெட்டி, அந்த கிரைண்டர் வேற. ஒரு வண்டில அடங்குமா? போற நேரத்துல யார் வாசல்ல போய் நிக்கறது? அப்படியே போறதா இருந்தாலும் யாரையும் கெஞ்சாம போகணும்னு நெனச்சேன். அவ்ளோதான்."

அந்தச் சந்தையின் மொத்த ஆயுளில், இன்ஷூரன்ஸ் என்று அதை நம்பி வாங்கிய ஒரே ஆள் வள்ளிதான். வாஞ்சிநாதனுக்கு இது தெரிந்திருந்தால் கல்வெட்டில் பொறித்திருப்பார். சேனாபதி அவளைத் திட்டவில்லை. "கிரைண்டரை யாருக்கும் குடுக்கறதா இல்ல" என்று மட்டும் சொன்னார்.

அந்த இரண்டு சீட்டையும் வள்ளிக்கு விற்றவர் மாரிசாமி. கோவில்பட்டிக்காரர், மில்பிடாஸில் ஓர் உணவுவிடுதியில் தலைமைச் சமையல்காரர், பழைய ஏழு இருக்கை வேன் ஒன்றின் சொந்தக்காரர். யார் வாங்க வந்தாலும் விற்றார். ஏன் என்று கேட்டால் சொல்வார்: "எண்ணே, ஒம்பது வருசமா ஒரு நாள் லேட்டா போகாத மனுசன். அவுகளயா தூக்குவாக? நல்லா வாங்குங்கண்ணே, நான் நிக்கேன்."

மாரிசாமியிடம் அதிகம் வாங்கினவர் சுவாமிநாதன். பத்தொன்பதுக்கு விழுந்த மறுநாள் காலையிலேயே ஆரம்பித்து இருபத்திரண்டு சீட்டு வாங்கினார். சேனாபதியின் டீம் லீடரே வாங்குகிறார் என்றால் விஷயம் இல்லாமலா இருக்கும் என்று ஊர் பின்னால் ஓடியது. பத்தொன்பது முப்பத்தைந்தாகி, ஐம்பதாகி, அக்டோபர் மூன்றாவது வாரம் எழுபத்தெட்டில் நின்றது.

அந்த வாரந்தான் டைரக்டர் ஒவ்வொரு டீம் லீடரிடமும் வேலைநீக்கத்துக்கு ஒரு பெயர் கேட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் சேனாபதியை ஒரு சிறிய அறைக்குக் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்தார்கள். டிசம்பர் 31 வரை சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும். அதற்குப் பிறகு வேலை இல்லை, விசாவும் இல்லை. வெளியே வந்தபோது சுவாமிநாதன் தண்ணீர் எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"சேனா, பர்சனலா எடுத்துக்காதீங்க. டீம்ல நாலு பேரு, யாரைச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. மனசாட்சிப்படி ஒரு அப்ஜெக்டிவ் டேட்டா வேணும்ல? மார்க்கெட் எழுபத்தெட்டுல இருந்துச்சு. ஊரே சொல்லும்போது நான் யாரு மாத்த?"

"ஊரு ஏன் சொல்லிச்சு?"

"அது... நான் வாங்கினேன்ல, அதைப் பாத்து."

"நீங்க ஏன் வாங்கினீங்க?"

"விலை ஏறும்னு தோணிச்சு."

சேனாபதிக்கு வாழ்நாளில் முதல் முறையாக ஒரு மனிதனை அடிக்க வேண்டும் போலிருந்தது. பழக்கமில்லாத காரியம் என்பதால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மனிதவளத் துறைக்குப் போனார். அங்கிருந்த அம்மையார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏர்போர்ட் ரைட்ஸ்?" என்று இரண்டு முறை உறுதிப்படுத்திக்கொண்டார். பணம் கைமாறியதா என்று கேட்டார். இல்லை. அப்படியானால் விதிமுறையில் அதற்கு இடமில்லை என்றார். அன்றைக்குச் சேனாபதி சுமந்து வந்தது ஒரே ஓர் அட்டைப்பெட்டி. அதை யாரும் சன்னலிலிருந்து பார்க்கவில்லை, சந்தைக்கு அது பழைய செய்தி.

கடிதம் கொடுத்தாலே வேலை போனதாகுமா, அல்லது டிசம்பர் 31 வரை பொறுக்க வேண்டுமா என்று வாஞ்சிநாதன் மூவர் குழு ஒன்று அமைத்தார். கடிதமே போதும் என்று குழு தீர்ப்பளித்தது. சந்தை சரியாகக் கணித்துவிட்டது என்று முதல் பக்கத்தில் பச்சை எழுத்தில் அறிவிப்பு வந்தது. அது கணித்ததா, கழுத்தைப் பிடித்துத் தள்ளியதா என்று கேட்கக் குழு எதுவும் அமைக்கப்படவில்லை.

கணக்கு இப்படி முடிந்தது. சேனாபதி விழுவார் என்றவருக்கு இருபத்திரண்டு பயணம் லாபம். விழமாட்டார் என்று நம்பி நின்ற மாரிசாமிக்கு அத்தனையும், வள்ளியின் இரண்டும் தலையில். நம்பிக்கை வைத்தவன் வண்டி ஓட்ட வேண்டும், குழி பறித்தவன் பின்சீட்டில் உட்கார்ந்து வர வேண்டும். சமூகத்துக்கு இதனால் விளைந்த நன்மையை வேறு யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்ளலாம்.

நவம்பர் நடுவில் மாரிசாமி வீட்டுக்கு வந்தார். "எண்ணே, சாமிநாதன் மாமியா சனிக்கெழம வர்றாகளாம். மொதப் பயணம். அன்னைக்கு ஓட்டல்ல கலியாண ஆர்டரு. என்ன செய்யன்னு தெரியல."

"முடியாதுன்னு சொல்லுங்க."

"சொன்ன சொல்லுண்ணே. பந்தயம்னா பந்தயந்தான."

சேனாபதி யோசித்தார். "வேன் சாவியக் குடுங்க. எனக்கென்ன வேலையா வெட்டியா? நான் போறேன்."

இப்படியாகத்தான் சேனாபதி, தன் வேலையைத் தின்றவரின் மாமியாரை வரவேற்க, "வசந்தாமணி" என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு விமான நிலையத்தில் நின்றார். அந்த அட்டையும் ஜெராக்ஸ் பெட்டியிலிருந்து வெட்டியதுதான்.

வசந்தாமணி அம்மாள் இரண்டு பெரிய பெட்டியோடும், நைலான் கயிறு போட்டுக் கட்டிய ஒரு சிறிய பெட்டியோடும் வந்தார். "ஏனுங் தம்பி, மாப்பிள்ளை வர்லீங்களா?"

"அவருக்குக் கொஞ்சம் வேலைங்க."

"நீங்க எந்தூருங்க?"

"பவானிங்க."

"அட, நம்ம பக்கமுங்க! நான் உடுமலை." கயிறு கட்டிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். "என்ன வேலைங் பாக்கறீங்க?"

சொல்வதில்லை என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் இரண்டு மாதமாக எல்லாரும் அவரைப் பற்றித்தான் பேசினார்களே தவிர, அவரிடம் யாரும் பேசவில்லை. ஊர் வாடையில் ஒரு குரல் கேட்டதும் மடை உடைந்தது. 101 நெடுஞ்சாலையில் தொடங்கினார். அட்டைப்பெட்டி, கிரைண்டர், கொலு, நாற்பத்தொன்று, பத்தொன்பது, எழுபத்தெட்டு எல்லாவற்றையும் சொல்லி 237 நெடுஞ்சாலை வரும்போது முடித்தார். அந்த அம்மாளுக்குச் சந்தையின் நுட்பங்கள் புரிந்தனவா என்று தெரியாது. வாஞ்சிநாதனுக்கு ஒரு வருடத்துக்கு மேலாகப் புரியாத ஒன்று அவருக்கு இருபத்தைந்து மைலில் புரிந்தது.

"அப்ப இந்த வண்டி உங்க வேலை போனதுக்கு வந்த வண்டிங்களா?"

"அப்படித்தானுங்க."

அவர் பெட்டியின் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

மில்பிடாஸில் வீட்டு வாசலில் வேன் நின்றது. சுவாமிநாதன் வெளியே வந்தார். ஓட்டுபவரைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் மாறியது. கதவைத் திறந்தார்.

"இறங்குங்க அத்தை. குளிருது."

"மாப்பிள்ளை, இந்த வண்டிக்குக் கூலி என்னங்க?"

"கூலியெல்லாம் இல்லைங்க அத்தை. ஃப்ரீ."

"ஃப்ரீங்களா?" வசந்தாமணி அம்மாள் பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டார். "நான் இவ்வளவு தூரம் உக்காந்து வந்தது இந்தத் தம்பியோட சோத்துத் தட்டு மேலீங்க. கூசலீங்களா உங்களுக்கு?"

சாரதா ஓடிவந்தாள். "அம்மா, தெருவுல வேண்டாம். உள்ள வா, பேசிக்கலாம்."

"நீ கிரைண்டர் கேட்டியாமா கண்ணு? நீ பேசாத." பிறகு மருமகனைப் பார்த்து, மரியாதை கொஞ்சமும் குறையாமல், "நீங்க ஃபோனை எடுங்க மாப்பிள்ளை. உங்களுக்குத் தெரிஞ்ச கம்பெனி எத்தனை இருக்குதோ அத்தனைக்கும் பண்ணுங்க. இந்தத் தம்பிக்கு ஒரு வேலை வாங்கிக் குடுங்க. நான் இங்கயே இருக்கறேன். எனக்கு அவசரமில்லீங்க, விசா ஆறு மாசத்துக்குக் குடுத்திருக்கறாங்க."

"இன்னிக்கு சனிக்கிழமைங்க அத்தை."

"ரொம்ப நல்லதுங்க. எல்லாரும் வீட்டுல இருப்பாங்க."

சுவாமிநாதன் புல்வெளியில் நடந்துகொண்டே ஃபோன் செய்தார். வேனுக்குள் வசந்தாமணி அம்மாள் கயிற்றை அவிழ்த்து முறுக்கு எடுத்துச் சேனாபதிக்குக் கொடுத்தார். எதிர்வீட்டுச் சீனக் கிழவர் செடிக்குத் தண்ணீர் விடுவதுபோல வேடிக்கை பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் ஒரே செடிக்கு விட்டார். முதல் மூன்று ஃபோனும் வெறும் நலம் விசாரிப்பில் முடிந்தன. நான்காவது, சான் ஹோசேயில் மருத்துவக் கருவி செய்யும் கம்பெனியில் டெஸ்ட் பிரிவைப் பார்க்கும் பழைய நண்பர். இவர் ஒன்பது வருடமாக ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை, என் டீமிலேயே நல்ல கை என்று சுவாமிநாதன் சொல்லிக்கொண்டிருந்தது வேனுக்குள் கேட்டது. சேனாபதி கடித்த முறுக்கைக் கீழே வைத்தார். அக்டோபரில் டைரக்டர் கேட்டபோது இந்த வாய் எங்கே போயிருந்தது?

"செவ்வாய்க்கிழமை இன்டர்வியூங்க அத்தை" என்று சுவாமிநாதன் வியர்வையோடு வந்து நின்றார்.

"செவ்வாயிங்களா? திங்கக்கெழம கேளுங்க."

திங்கட்கிழமையே கிடைத்தது. ஒரு மணி பத்து நிமிடம் கழித்து வசந்தாமணி அம்மாள் வண்டியைவிட்டு இறங்கினார். டிசம்பர் முதல் வாரத்தில் சேனாபதி சான் ஹோசேயில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு படி கீழான பதவி, சம்பளமும் குறைவு. விசா நின்றது, கயலின் பள்ளிக்கூடம் நின்றது, கிரைண்டரும் நின்ற இடத்திலேயே நின்றது.

இதோடு முடித்திருக்கலாம். வாஞ்சிநாதன் விடவில்லை. சந்தை இல்லாவிட்டால் பயணம் இல்லை, பயணம் இல்லாவிட்டால் வசந்தாமணி அம்மாளைச் சேனாபதி சந்தித்திருக்கமாட்டார், ஆகவே அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் சந்தையே என்று முதல் பக்கத்தில் எழுதினார். வீட்டுக்குத் தீ வைத்தவன், வெளிச்சத்துக்கு நன்றி கேட்டதைப் போல. அத்தோடு கீழே ஒரு புதுச் சீட்டு: "வசந்தாமணி அம்மாள் ஆறு மாதமும் தங்குவாரா?" விலை முப்பது.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாளே சேனாபதியைக் கூப்பிட்டார். "தம்பி, அந்த வாஞ்சிநாதன் வீடு உங்களுக்குத் தெரியுங்களா? வேனை எடுத்துட்டு வாங்க. இது என் சொந்தச் சவாரி, யார் கணக்குலயும் எழுத வேண்டாம்."

வாஞ்சிநாதன் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தார். வசந்தாமணி அம்மாள் உள்ளே போய், நீளமான சோபாவின் நடுவில் உட்கார்ந்து, கயிறு கட்டிய பெட்டியைப் பக்கத்தில் வைத்தார்.

"என் பேரு எவ்வளவுக்குப் போகுதுங்க தம்பி?"

"முப்பதும்மா. யாரும் நம்பலை. ஆக்சுவலா இது ரொம்ப இன்ட்ரஸ்டிங்..."

"நான் ஆறு மாசமும் இருக்கறதாத்தான் இருக்கறேனுங்க. எங்க இருக்கறதுன்னுதான் தெரியல. மாப்பிள்ளை வீட்டுல எடம் பத்தல." சோபாவைக் கையால் அழுத்திப் பார்த்தார். "இது மெத்துனு இருக்குது. உங்க சந்தைப் பக்கத்துல என் பேரு இருக்கற வரைக்கும் நானும் இங்கயே இருந்துக்கறனுங்க. மாரிசாமி மேல எழுதி வச்ச கடனும் அதுல இருக்குதாமா? அதுவும் அழியற வரைக்கும்."

வாஞ்சிநாதன் சேனாபதியைப் பார்த்தார். "சார், நீங்களாவது சொல்லுங்க சார்."

சேனாபதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்களுக்குத் தப்புன்னு தோணிச்சுன்னா வித்துடுங்க வாஞ்சி. விலை தானா இறங்கிடும்."

வசந்தாமணி அம்மாள் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "காபி போடற பாத்திரம் எங்கீங்க இருக்குது?"

காபி பொங்குவதற்குள் சந்தைப் பக்கம் மூடப்பட்டது.